ரேடியோவுக்குக் காது வைத்த மகனுக்கு

லாயாங் லாயாங்,
சனிக்கிழமை.

அன்பு மகன் திமோத்திக்கு,

ஆண்டவர் அருளால் நீயும் ஷர்மைனும் மெல்பர்னில் சுகமாக இருப்பீர்கள். இங்கே என் உடம்புக்கு ஒன்றுமில்லை. இதைப் போனில் சொல்லாமல் எழுதுவதற்குக் காரணம் உண்டு. போனில் நீ இரண்டு வார்த்தை அழுத்திச் சொன்னால் நான் சரி, சரி என்று சொல்லிவிடுவேன். இந்தக் கடிதத்தையும் நேற்றிலிருந்து எழுதி எழுதிக் கிழித்தேன். என் கோபம் நியாயம்தானா என்ற சந்தேகம் விடவில்லை. இன்று அந்தச் சந்தேகம் இல்லை.

ரேடியோ விஷயம்தான். இங்கே தமிழ் நிலையம் இரைச்சலோடுதான் கிடைக்கிறது என்று அம்மாவுக்காக நான் செய்த இணைய ரேடியோ. உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர் பலகை, அதற்கு வீடாக ஒரு பிஸ்கட் டின், திருப்ப ஒரு குமிழ். ஒரு பக்கம் திருப்பினால் ஜெபமாலை, மறுபக்கம் பழைய பாட்டு. கட்டளைகளைப் பிழையில்லாமல் தட்டவே எனக்கு ஒரு மழைக்காலம் போயிற்று. நின்றுபோனால் அங்கிருந்தே சரிசெய்கிறேன் என்று கடவுச்சொல் கேட்டாய், கொடுத்தேன். கிறிஸ்மஸுக்கு வந்தபோது, "பழசு கரகரங்குது பா" என்று புது ஸ்பீக்கர் மாட்டினாய். மகன் வாங்கித் தந்தது என்று கோயிலில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். அதில் மைக் இருப்பதை நீ சொல்லவில்லை.

போன மாதம் அம்மா சமையலறையில் நெத்திலி ஆய்ந்துகொண்டே, உங்கள் வீட்டில் தங்கிய நாட்களைப் பற்றி என்னிடம் மனம் விட்டாள். ஜெயில் மாதிரி இருந்தது, ஒரு நெத்திலி பொரிக்கக்கூட பயம், இனிமேல் கூப்பிட்டால் போகமாட்டேன் என்றாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஷர்மைன் போன் செய்தாள். "அத்தே, எங்க வீடு உங்களுக்கு ஜெயிலா இருந்துச்சாம்லா? நெத்திலிக்கு நான் தடா போட்டேனாமே?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். அம்மா போனைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"மகன்கிட்ட பத்த வச்சாதான் உங்களுக்குச் சோறு எறங்குமா? இந்த வீட்டுல நான் வேற யாருகிட்டங்க பேசுறது?" என்று கேட்டாள். நான் சொல்லவில்லை என்றேன். நம்பவில்லை. அவள் நம்பாதது போகட்டும், நானே என்னை நம்பவில்லை. வயதாகிவிட்டது, வாய் தவறி உன்னிடம் உளறியிருப்பேன் என்று நினைத்து அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். திமோத்தி, செய்யாத குற்றத்துக்கு உன் அப்பா மன்னிப்புக் கேட்டான்.

அன்றிலிருந்து அம்மா என்னோடு பேசுவது சாப்பாடு ஆச்சு, கதவைச் சாத்துங்க, அவ்வளவுதான். குளுவாங்கில் இருக்கும் அவள் தங்கையோடு பேசவேண்டுமென்றால் போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் துணிக்கொடி வரைக்கும் போகிறாள். என் காதில் விழக்கூடாதாம்.

நேற்று ரேடியோ விட்டு விட்டுப் பாடியது. எப்போதும் போல ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தேன். எல்லா நிலையங்களையும் நிறுத்திய பிறகும் வீட்டு இணையம் வழியாக ஏதோ வெளியே போய்க்கொண்டே இருந்தது. வாங்கிப் பாடும் பெட்டிக்கு, வெளியே அனுப்ப என்ன இருக்கிறது? பெட்டி விழித்தவுடன் தானாக ஓடும் வேலைகளைத் திறந்து பார்த்தேன். நான் எழுதாத வேலை ஒன்று இருந்தது. மைக்கில் விழும் சத்தத்தை உன் கணக்குக்கு அனுப்பும் வேலை. என் தப்பாக இருக்குமோ என்று பலமுறை சரிபார்த்தேன். என் தப்பு இல்லை.

நீ என்ன சொல்வாய் என்று தெரியும். "அம்மா பாத்ரூம்ல விழுந்தாங்கல்ல, உங்க பாதுகாப்புக்குத்தான் பா" என்பாய். பாதுகாப்பு என்றால் என்னிடம் சொல்லிவிட்டு வைத்திருக்கலாமே. விழுந்தால் அழுத்துவதற்கு ஒரு மணியை நானே செய்து சுவரில் வைத்திருப்பேன். பாதுகாப்புக்காக ஒட்டுக் கேட்டவன், பெற்றவள் புலம்பியதைக் கொண்டுபோய் பெண்டாட்டியிடம் ஏன் சொன்னாய்? உனக்கு வெட்கமாக இல்லையா? இவ்வளவு கடுமையாக நான் யாருக்கும் எழுதியதில்லை. எழுதிய வரியை அடிக்கப்போவதும் இல்லை.

ரேடியோவைக் கழற்றி வைத்துவிட்டேன். அங்கே சேர்த்து வைத்திருப்பதை எல்லாம் அழித்துவிடு. திரும்ப ஒருமுறை கேட்டுவிட்டு அழிக்கலாம் என்று நினைக்காதே.

அம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. சொன்னால், தன் வாய்த்தப்பை மறைக்க மகன்மேல் பழி போடுகிறார் என்பாள். உன்னைப் பற்றி நான் சொல்லி அவள் நம்பவும் மாட்டாள். நீதான் சொல்லவேண்டும். அப்பா சொல்லல மா, நான்தான் ஒட்டுக் கேட்டேன் என்று உன் வாயால் சொல். ஷர்மைனை முன்னால் விடாதே. அம்மா திட்டுவாள், அழுவாள். போனை வைத்துவிடாமல் கேள். இதையாவது அவளுக்குத் தெரிந்து கேள்.

எனக்கு வேறொன்றும் வேண்டாம், மகனே. இந்த வயதில் எனக்குப் பேச்சுத்துணை அவள் ஒருத்திதான்.

நீயும் ஷர்மைனும் உங்கள் சமையலறையில் பயமில்லாமல் பேசிக்கொள்ள ஆண்டவர் என்றும் அருள் தரட்டும்.

உன் அப்பா,
கிரகோரி