சொல்லிக்கொண்டு போனவர்கள்

என் செல்ல அம்மாவுக்கு,

நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். கூட்டியும் சொல்ல மாட்டேன், குறைத்தும் சொல்ல மாட்டேன். இதைப் பள்ளி ஆண்டு மலரில் போடலாம் என்று எங்கள் தமிழம்மா சொல்லியிருக்கிறார்கள். மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் உனக்குத் தெரிந்ததையும் அங்கங்கே சொல்ல வேண்டியிருக்கும். பொறுத்துக்கொள்.

வாலிநோக்கம் உப்பளத்தில் வேலை பார்க்க ஒடிசாவிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்திருக்கிறார்கள். ஊரில் எல்லோரும் அவர்களை இந்திக்காரவுக என்பார்கள். "அவுக பேசுறது ஒரியா. உன்னய மலையாளத்தான்னு சொன்னா ஒத்துக்குவியா?" என்று நீ கடைக்காரரிடம் சண்டைக்குப் போயிருக்கிறாய். மகளிர் குழுக் கட்டடத்தின் பின்னறையைப் பஞ்சாயத்தில் கேட்டு வாங்கி அவர்களில் பெண்களுக்கு மாலையில் தமிழ் வகுப்பு நடத்தினாய். நீ எழுத்தில் தொடங்கவில்லை. ஒரு நாள் பஸ், ஒரு நாள் ரேஷன் கடை, ஒரு நாள் ஆஸ்பத்திரி. பஸ் பாடத்தில் நான்தான் கண்டக்டர். சாயல்குடியில் இறங்க வேண்டும் என்று அவர்கள் தெளிவாகச் சொல்லும் வரை என்னை விசில் ஊத விடமாட்டாய்.

உன்னிடம் படித்த பசந்தி அக்கா ஒருநாள் நம் வீட்டுக்கு வந்துவிட்டுக் கிளம்பும்போது "போறேன்" என்றார். நீ அவர் கையைப் பிடித்து நிறுத்தினாய். "எங்கூர்ல அப்படிச் சொல்லப்படாது. போயிட்டு வாரேன்னு சொல்லணும். இல்லேன்னா திரும்பி வரமாட்டேன்னு ஆயிரும்."

அதன் பிறகு வகுப்பு முடிந்ததும் வாசலை மறித்துக் கையை நீட்டிக்கொண்டு நிற்பாய். சொன்னால்தான் வழி. சபிதா அக்கா ஒரு தடவை உன் கைக்குக் கீழே குனிந்து ஓடப் பார்த்தார். ஜடையைப் பிடித்து இழுத்துவந்து சொல்ல வைத்தாய். எல்லோரும் சிரித்தார்கள்.

பிறகு உனக்குக் காய்ச்சல் வந்தது. ராமநாதபுரத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து உன்னை வேனில் கொண்டுவந்தார்கள்.

அன்று எனக்கு அழுகை வரவில்லை. "அழுதுரு தாயி, நெஞ்சு அடச்சிரும்" என்று யார் யாரோ முதுகைத் தடவினார்கள். நான் வாடகை நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாவற்றின் முதுகிலும் ஒரு கல்யாண மண்டபத்தின் பெயர் இருந்தது.

உன்னிடம் படித்தவர்கள் உப்பளத்திலிருந்து நேரே வந்தார்கள். கணுக்கால் வரை வெள்ளையாக உப்பு. ஓரமாக உட்கார்ந்தார்கள். கிளம்பும் நேரம் வந்ததும் வரிசையாக, நான் அய்யா என்று கூப்பிடும் அப்பா முன்னாலும் என் முன்னாலும் வந்து நின்றார்கள். பசந்தி அக்கா முதலில் சொன்னார். "போயிட்டு வாரேன் பாப்பா." அடுத்து சபிதா அக்கா. அடுத்தடுத்து எல்லோரும். ஒருவர்கூடத் தடுமாறவில்லை. நீ கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாய். நானும் பழக்கத்தில் "சரிக்கா, வாங்க" என்றேன்.

பந்தலில் பேச்சு நின்றுவிட்டது. துக்க வீட்டில் யாரும் சொல்லிக்கொண்டு போவதில்லை. எழுந்து பேசாமல் போய்விட வேண்டும். வாரேன் என்றால் அந்த வீட்டுக்கு இன்னொரு சாவுக்கு வருவதாக ஆகிவிடும். நமக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். அவர்களுக்குத் தெரியாது.

கமுதியிலிருந்து வந்திருந்த அத்தைதான் எழுந்தார்கள். "கேதத்துக்கு வந்துட்டு வாரேன் வாரேன்னு சொல்றாளுகளே. அடுத்து யாரு கேதத்துக்குடி வரப் போறீக? எங்க அண்ணன் கேதத்துக்கா?"

அவர்களுக்குப் பாதிச் சொற்கள் புரிந்திருக்காது. அத்தையின் கை வாசலைக் காட்டியது புரிந்தது.

மறுவாரம் நான் வகுப்பைத் திறந்தேன். ஒருவரும் வரவில்லை. தினமும் பாயை விரித்து, உட்கார்ந்து படித்துவிட்டு, பாயைச் சுருட்டி வைத்தேன். பஞ்சாயத்திலிருந்து ஒருவர் வந்து எட்டிப் பார்த்தார். "ஆளே வராத ரூம வச்சுக்கிட்டு என்னம்மா பண்ணப் போற? மாசக் கடைசிவர பாப்போம். அப்புறம் சிமெண்டு மூட்டைய எறக்கிருவோம்."

அந்த வாரம்தான் அய்யாவுக்குக் காய்ச்சல் வந்தது.

அத்தை தலைமாட்டில் உட்கார்ந்து, "நான் சொன்னேன்ல, நான் சொன்னேன்ல" என்று விபூதி பூசிக்கொண்டே இருந்தார்கள். அய்யா கண்ணைத் திறக்காமல், "அந்த வகுப்புச் சாவியக் குடுத்துரு தாயி. நமக்கு எதுக்கு அதெல்லாம்" என்றார். நான் சரி என்றேன். எனக்குப் பயமாக இருந்ததா என்று நீ கேட்பாய். தெரியவில்லை அம்மா. சுவரில் பல்லி ஒன்று நகராமல் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரத்தத்தைச் சோதித்துப் பார்த்துச் சாதாரணக் காய்ச்சல்தான் என்றார்கள். அய்யா எழுந்து கஞ்சி குடித்தார். அத்தை குலசாமிக்குக் காசு முடிந்து வைத்துவிட்டு ஊருக்குப் போனார்கள். உப்பளப் பாத்தியில் தண்ணீர் ஏற்றும் மோட்டாரைப் போடும் வேலைக்கு அய்யா மறுபடியும் கிளம்பியபோது நான் கேட்டேன்.

"அய்யா, சாவிய என்ன செய்ய?"

அவர் சைக்கிளைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "உங்கம்மா சொல்லிக் குடுத்ததத்தான சொன்னாளுக" என்றார். துடைத்த துணியை உதறிவிட்டு, "அன்னைக்கு என் மூஞ்சியப் பாத்துச் சொல்லிட்டுப் போனது அவளுக மட்டுந்தான்" என்றார். ஏறிப் போய்விட்டார்.

அன்று மாலையே உப்பளத்துத் தகரக் கொட்டகைகளுக்குப் போனேன். பசந்தி அக்கா மீன் கழுவிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து ஈரக்கையைப் புடவையில் துடைத்தார். ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

"நாங்க கெட்டது சொல்லிட்டோம் பாப்பா. உங்க அய்யாவுக்குக் காய்ச்சல் வந்துச்சு. எல்லாரும் சொல்றாங்க."

"அய்யா வேலைக்கு வந்துட்டாருக்கா."

"நெசமாவா?"

"மோட்டார் சத்தம் கேக்கலையா?"

அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். பாத்திகளுக்கு அப்பால் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"டீச்சரக்கா பஸ் சொல்லிக் குடுத்தாங்க. ஆஸ்பத்திரி சொல்லிக் குடுத்தாங்க. செத்தவங்க வீடு ஏன் சொல்லித் தரல?"

அம்மா, அந்தப் பாடத்தை எந்த நாளுக்கு வைத்திருந்தாய்? அவர்கள் நம் ஊரில் ஒரு துக்கத்துக்கு வருவார்கள் என்றே நீ நினைக்கவில்லையா? இல்லை, எல்லாவற்றுக்கும் நேரம் இருக்கிறது என்று நினைத்தாயா?

"நாளைக்கு நான் சொல்லித் தாரேன்க்கா. வாங்க" என்றேன்.

பக்கத்துக் கொட்டகையிலிருந்து சபிதா அக்கா தலையை நீட்டினார். "உங்க அத்தை இருக்கா?"

"கமுதிக்குப் போயிட்டாக."

"அப்ப வாரோம்."

அவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் அது சிரிக்க வேண்டிய பேச்சுதான் என்று தெரிந்தது.

மறுநாள் வந்தார்கள். எல்லோரும் இல்லை, பாதிப் பாய்தான் நிறைந்தது. நீ செய்வது போலவே செய்தேன். பஸ்ஸுக்குப் பெஞ்சைப் போடுவாயே, அதே பெஞ்சைத் துக்க வீட்டுக்குப் போட்டேன். உள்ளே வரும்போது எதுவும் பேச வேண்டாம், கையைப் பிடித்தால் போதும் என்றேன். கொஞ்ச நேரம் உட்கார வேண்டும். பிறகு எழுந்து, திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும்.

துக்க வீட்டுக்காரராக யாராவது பெஞ்சில் உட்கார வேண்டும். யாரும் முன்வரவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நானே போய் உட்கார்ந்தேன்.

அவர்கள் ஒவ்வொருவராக வந்து என் கையைப் பிடித்தார்கள். உப்புப்பட்டு வெடித்த கைகள். பாயில் உட்கார்ந்தார்கள். சபிதா அக்கா அழுதார். நடிப்பா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு எழுந்து, நான் சொன்னபடியே, ஒரு சொல்கூடப் பேசாமல், திரும்பாமல், வாசலைத் தாண்டினார்கள்.

அறை காலியாகிவிட்டது. நான் பெஞ்சில் இருந்தேன். அவர்கள் அப்படியே போய்விட்டார்கள் என்றுதான் நினைத்தேன். நாளைக்கு வருவார்களா என்று கேட்க யாரும் இல்லை.

அப்போது பசந்தி அக்கா வாசலில் தலையை மட்டும் உள்ளே நீட்டினார். அவர் பின்னால் எல்லோரும் செருப்போடு நின்றிருந்தார்கள்.

"பாப்பா, பாடம் முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சுக்கா."

"அப்ப இங்கன சொல்லலாமா? இது அந்த வீடு இல்லல்ல?"

பெஞ்சிலிருந்து எழுந்து வாசலுக்குப் போனேன்.

"இல்லக்கா. இது பள்ளிக்கூடம். இங்கன சொல்லணும்."

ஒவ்வொருவராகச் சொன்னார்கள். நான் ஒவ்வொருவருக்கும் "வாங்க" என்றேன். எனக்கு இப்போதும் அழுகை வரவில்லை அம்மா. எப்போதாவது வரும் என்று வைத்திருக்கிறேன்.

நாளைக்கு ஆஸ்பத்திரிப் பாடத்தை மறுபடி எடுப்பேன். வராதவர்களின் கொட்டகைக்குப் போய்க் கூப்பிடுவேன். மாசக் கடைசியில் பஞ்சாயத்திலிருந்து சிமெண்டு மூட்டையோடு வந்தால் பாய் நிறைய ஆள் இருக்கும். இறக்க இடம் இருக்காது. பரீட்சை நாளிலும் திறப்பேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

பாயைச் சுருட்டி வைத்துவிட்டேன். விளக்கையும் மின்விசிறியையும் அணைத்துவிட்டேன்.

உன் ஒரே மகள்,
நாகஜோதி