தாலாட்டுக் கேட்ட கல்

இன்று காலை பள்ளிக்கூடத்தில் ஒரு சாக்குக்கட்டு வந்து இறங்கியது. பிரித்ததும் அச்சு மை வாசனை ஆசிரியர் அறை முழுக்கப் பரவியது. கிரேக்க, ரோமானிய தேவர் கதைகள், இரண்டாம் பதிப்பு. அட்டையில் நம் கரஸ்பாண்டெண்ட் பெயர், போன தடவையைவிடப் பெரிய எழுத்தில். ஏழாம் பக்கத்தைப் புரட்டினேன். உன் வரி அப்படியே இருக்கிறது: ‘குழந்தைக்குப் பதிலாகக் கல்லைத் துணியில் சுற்றும்போது, ரேயா அந்தக் கல்லுக்கும் தாலாட்டுப் பாடினாள்.’

நீ கண்மூடி நாற்பது நாள் ஆகிறது.

ஆந்திரா தனியாகப் பிரிந்த வருஷம் நீ திருவள்ளூருக்கு வந்தாய். பழவேற்காட்டில் உங்கள் முஸ்லிம் வியாபாரிக் குடும்பத்திலிருந்து டீச்சர் வேலைக்கு வந்த முதல் பெண். நான் திருப்பாச்சூரில் நெல் பயிரிடுகிற வீட்டுப் பெண். ரயிலடிப் பக்கம் இருவரும் ஒரே அறையில் குடியிருந்தோம். உன் அத்தா தன் கடையில் பொட்டலம் மடிக்க வாங்கிய பழைய காகிதக் கட்டில் கிடைத்தது அந்த அட்டை கிழிந்த இங்கிலீஷ் புத்தகம். அதிலிருந்த தேவர்களை மத்தியானச் சாப்பாட்டு வேளையில் ஆறாம் வகுப்புப் பெண்களிடம் அழைத்து வந்தாய்.

ஆதியில் ஒரு வெறும் பாழ், அதிலிருந்து பூமித்தாய், அவள் பெற்ற வானமே அவளுக்குப் புருஷன். அவர்கள் மகன் குரோனஸ், தன் பிள்ளை தன் ஆட்சியைப் பிடுங்கிவிடும் என்று பயந்து பிறக்கப் பிறக்க விழுங்கினான். கடைசிப் பிள்ளை ஜீயஸைக் காப்பாற்றத்தான் அவன் மனைவி ரேயா கல்லை நீட்டினாள்.

“தாலாட்டு அந்தப் புக்குல இருக்கா?” என்று கேட்டேன்.

“இல்லடி, நான்தான் போட்டேன். பாடலைன்னா அவன் எப்படி நம்புவான்?”

ஒரு பெண் எழுந்து, ஜீயஸும் ஜூபிடரும் ஒருவரா என்று கேட்டாள். “ரோமாபுரிக்காரங்க அந்தச் சாமிங்கள எடுத்துக்கினு வேற பேரு வெச்சிட்டாங்க. ஜீயஸ் பொண்டாட்டி ஹேராவ ஜூனோன்னாங்க” என்றாய். பெண்கள் சிரித்தார்கள்.

நீ நோட்டு நோட்டாக எழுதினாய். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று என்னை நகல் எடுக்கச் சொன்னாய். அச்சுப் போடலாம் என்று கரஸ்பாண்டெண்ட் நகலை வாங்கிப் போனார். மூன்று மாதத்தில் புத்தகம் வந்தது, அவர் பெயரோடு.

என்னையும் கூட்டிக்கொண்டு அவர் அறைக்குப் போனாய்.

“கிரேக்கன் கதைக்கு நீ எப்படிம்மா சொந்தக்காரி?” என்றார்.

“கதை அவங்களுது சார். எழுத்து என்னுது. தாலாட்டு எந்தப் புக்குலயும் கிடையாது.”

அவர் என் பக்கம் திரும்பினார். “உன் கையெழுத்துலதான் இருந்திச்சி. நீ சொல்லும்மா. இவங்க எழுதுனதா?”

ஜூனில் என் வேலையை நிரந்தரமாக்குவதாக அவர் சொல்லியிருந்தார். என் அப்பா அதை ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. “எனக்குத் தெரியாதுங்க சார். குடுத்தத எழுதினேன்” என்றேன். யார் கொடுத்தது என்று அவர் கேட்கவில்லை. நீயும் கேட்கவில்லை. என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு வெளியே போனாய்.

மறுநாள் பெட்டியோடு பஸ் ஏறினாய். என் முகத்தில் காறித் துப்பியிருக்கலாம். “ஒன் வேல போவாது, பயப்படாத” என்றாய். அதற்காக உன்மேல் எனக்கு இன்னும் கோபம். திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன், கணக்குத் தீர்ந்திருக்கும். ஜூனில் வேலை நிரந்தரமானது. உனக்கு இரண்டு கடிதம் எழுதினேன். பதில் இல்லை. நீ அதற்கப்புறம் எந்தப் பள்ளிக்கூடத்து வாசலையும் மிதிக்கவில்லை என்று கேள்விப்பட்டேன்.

நீ டைபாய்டில் போய்விட்டாய் என்று உன் தம்பி கார்டு போட்டிருந்தான். போன வாரம்தான் பொன்னேரி வழியாகப் பழவேற்காடு போனேன். என்னை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள் என்று நினைத்துத்தான் போனேன். உன் அம்மா உள்ளே கூட்டிப்போய்ப் பாயில் உட்காரவைத்து, என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நீதானாம்மா அது? ஒன் எழுத்து முத்து முத்தா இருக்கும்னு சொல்லிக்கினே இருக்கும்.”

உன் அம்மா கையை விடாமல் மேலே பேசினார்.

“அவ்ளோ ஆசையா போன புள்ள, ஏன் வேலய உட்டுட்டு வந்துச்சின்னு இன்னி வரைக்கும் வெளங்கல. கேட்டா ஒடம்பு முடியலன்னுச்சி. கூடவே இருந்தவ நீ. ஒனக்குத் தெரியுமாம்மா?”

வீட்டில் வேறு யாரும் இல்லை. என் வேலையைப் பிடுங்க அங்கே எவனும் உட்கார்ந்திருக்கவில்லை.

“தெரியாதும்மா” என்றேன்.

முதல் தடவை வேலைக்காகச் சொன்னேன். இந்தத் தடவை எதற்காகச் சொன்னேன் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. உனக்கும் எனக்கும் நடுவில் மிஞ்சியது ‘தெரியாது’ என்ற அந்த ஒரு சொல்தான். அதை இனி யாரிடம் போய்த் திருத்துவது?

கிளம்பும்போது உன் அம்மா தெருமுனை வரைக்கும் வந்தார். “அப்பப்ப வந்துட்டுப் போம்மா. அவளப் பத்திப் பேச எனக்கு வேற யார் இருக்கா?” என்றார்.

வருகிறேன் என்றேன். போகமாட்டேன்.