அளக்க மட்டும் உதவும் நொதி

மார்ச் 4

என் அருமைத் தம்பிக்கு,

போனில் பேசினால் பாதியிலேயே அழுதுவிடுகிறேன். நீயும் "அக்கா, அக்கா" என்று கத்திக்கொண்டே இருக்கிறாய். அதனால்தான் காகிதம்.

குழந்தை சுண்டுவை மறுபடியும் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். மூச்சு வாங்குகிறது, வாய் மட்டும் ஓயவில்லை. ஊசி போட வரும் நர்ஸுக்குக் கொசு என்று பெயர் வைத்திருக்கிறாள். அந்தப் பெண்ணும் வரும்போதே ரீங்காரம் போட்டுக்கொண்டுதான் வருகிறாள்.

டாக்டர் இந்த முறை என்னையும் அத்தானையும் உட்காரவைத்துப் பேசினார். "சாப்பாட்டை சக்தியா மாத்தற வழியில ஒரு இடம் பிறவியிலேயே அடைச்சிருக்கும்மா. அதான் ரத்தத்துல லாக்டேட்ங்கற அமிலப்பொருள் ஏறிக்கிட்டே போகுது" என்றார். மருந்து என்று எதையும் சொல்லவில்லை.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. லாக்டேட்! பாக்டீரியாவிலிருந்து ஒரு நொதி எடுக்கிறோம், அது லாக்டேட்டை வேறொன்றாக மாற்றிவிடும் என்று வீட்டுக்கு வரும்போதெல்லாம் நீ சொல்வாயே, அதே லாக்டேட்.

புதிதாக எதையும் கண்டுபிடிக்கச் சொல்லவில்லை. உன் ஆய்வுக்கூட ஃபிரிட்ஜில் இருப்பதில் கொஞ்சம் கொடு. உங்கள் மேடத்திடம் நான் வேண்டுமானாலும் பேசுகிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா

மார்ச் 9

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேராக மேடத்திடம் போனேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "இதுக்கு நீ என்னன்னு பதில் எழுதப்போற?" என்றார். இது மருந்தாகாது என்றுதான் அவரும் சொன்னார்.

நாங்கள் எடுக்கும் நொதியின் பெயர் லாக்டேட் டிஹைட்ரஜனேஸ். நீ எழுதியிருப்பது போல அது லாக்டேட்டை மாற்றுவது உண்மைதான். ஆனால் சுண்டுவின் உடம்பில் அதே வேலையைச் செய்யும் நொதி ஏற்கெனவே ஏராளமாக இருக்கிறது, அக்கா. அவளுக்குக் குறை அதில் இல்லை. மாறிய பொருள் அடுத்துப் போகவேண்டிய வழிதான் அடைத்திருக்கிறது. போக இடமில்லாமல் அது மறுபடியும் லாக்டேட்டாகவே திரும்பிவிடும். எங்கள் சோதனைக் குழாய்க்குள் அது திரும்பாமல் இருக்க வேறு சில பொருள்களைக் கலக்கிறோம். அவற்றை ஒரு குழந்தையின் ரத்தத்தில் கலக்க முடியாது. எங்கள் நொதியும் கிருமியிலிருந்து வந்த பொருள் என்பதால் அவள் உடம்பு அதை எதிரி என்று நினைத்துப் பாயும். அதுவே அவள் உயிருக்கு ஆபத்து.

ஒரு துளியில் எவ்வளவு லாக்டேட் இருக்கிறது என்று அளக்கத்தான் எங்கள் நொதியை மற்ற ஆய்வுக்கூடங்கள் கேட்டு வாங்குகின்றன. அளக்க மட்டும்தான்.

இதை நேரில் சொல்லியிருக்கவேண்டும். மன்னித்துவிடு.

உன் தம்பி

மார்ச் 14

தம்பிக்கு,

காலையில் கொசு வந்து ரத்தம் எடுத்துப்போகிறாள். மதியம் ஒரு எண் வருகிறது. அது நேற்றையதைவிடக் கூடியிருக்கிறதா என்று நானும் அத்தானும் பார்க்கிறோம். கூடித்தான் இருக்கிறது. என் பிள்ளை எவ்வளவு மோசமாக இருக்கிறாள் என்று சொல்லத் தெரிந்த பொருளைத்தான் இத்தனை வருடமாக ஊண் உறக்கம் இல்லாமல் செய்துகொண்டிருக்கிறாயா?

கோபத்தில் எழுதுகிறேன், விட்டுவிடு. டாக்டர் சொன்னது சரி. உங்கள் மேடம் சரி. நீயும் சரி. யாராவது ஒருத்தர் தப்பாக இருந்திருக்கக் கூடாதா?

அக்கா

மார்ச் 18

அன்புள்ள அக்கா,

மாதக் கடைசியில் லீவு கொடுத்திருக்கிறார்கள். வந்துவிடுகிறேன். கையில் எதுவும் இல்லாமல்தான் வருகிறேன். சுண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கவாவது விடு. நீயும் கொஞ்சம் தூங்கலாம்.

திட்டியாவது ஒரு வரி எழுது.

உன் தம்பி

மார்ச் 26

தம்பிக்கு,

சுண்டு போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை. உனக்கு போன் செய்யவேண்டாம் என்று அத்தானைத் தடுத்தது நான்தான். "அவன் தாய்மாமன்டி, சொல்லாம இருக்கறது பாவம்" என்றார். நான் கேட்கவில்லை.

ஏன் என்று உனக்குத் தெரியவேண்டும். உன் பதிலைப் படித்த பிறகும், மாமா உனக்காக மருந்து செய்துகொண்டிருக்கிறார் என்றுதான் அவளிடம் சொல்லிவந்தேன். ஊசிக்குக் கையை நீட்ட வைக்க வேறு வழி தெரியவில்லை. அவள் அதை வார்டு முழுக்கச் சொல்லிவிட்டாள். பக்கத்துப் படுக்கைப் பையனுக்கும் அதில் பங்கு தருவதாக ஒப்புக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கண்ணைத் திறந்து, "மாமா எங்கம்மா வர்றாரு?" என்றாள்.

"பஸ் ஏறிட்டாருடா."

"மருந்து கசக்குமா?"

"இனிக்கும்."

"சும்மா சொல்ற" என்றாள். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை.

அவள் சொன்னது இனிப்பைப் பற்றியா, எல்லாவற்றையுமா என்று எனக்குத் தெரியவில்லை. அத்தானிடமும் கேட்டுப் பார்த்தேன். அவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

உன் மேல் ஒரு தப்பும் இல்லை. இருந்திருந்தால் வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்துவிட்டு, என்றைக்காவது உன்னோடு ராசியாகியிருப்பேன். அவள் காத்துக் கிடந்தது உன் முகத்துக்காக. இப்போது அந்த முகம் என் வாசலில் வந்து நின்றால் என்னால் தாங்க முடியாது.

லீவை ரத்துசெய்துவிடு. இங்கே வராதே. கடிதமும் வேண்டாம், வந்தால் பிரிக்கமாட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா