பக்கத்தில் உட்கார ஒரு ஆள்

என்னங்க,

நைட் ஷிப்ட் முடிஞ்ச களைப்புல அப்படியே படுத்துடாதீங்க. இறால் தொக்கு மூடி வெச்சிருக்கேன், சாப்பிடுங்க. வெளியே போனா சாவியை மாடி வீட்டு மேரி அக்காகிட்ட குடுத்துடுங்க.

வெப்சைட்டை ஜனங்க சுலபமா பயன்படுத்த முடியுதான்னு சோதிக்கிற வேலைக்குப் படிக்க ரெண்டு புத்தகத்துல எதை வாங்கலாம்னு நேத்து போன்ல கேட்டேன். “தடியா இருக்கறத வாங்கிக்கோ, இன்னாத்துக்கு பேஜார் பண்ற?”ன்னீங்க. கோவத்துல கட் பண்ணிட்டேன்.

கடையில ரெண்டையும் புரட்டினேன். தடியானதைத் தனியா உட்கார்ந்தே படிச்சிடலாம். மெலிசானதுக்கு ஒரு ஆள் வேணும். அவரைப் பக்கத்துல உட்கார வெச்சு வெப்சைட்டைக் காட்டணும். மனசுல தோணுறதையெல்லாம் அவர் வாய்விட்டுச் சொல்லணும். நாம குறுக்கே பேசாம கேட்டுக்கினு இருக்கணும்.

மெலிசானதைத்தான் வாங்கினேன்.

காலையில நான் வேலைக்குப் போக கவரைப்பேட்டையில ரயில் ஏறுறப்பதான் நீங்க வீட்டுக்கு வர கும்மிடிப்பூண்டியில கம்பெனி பஸ் ஏறுறீங்க. இந்த ஞாயித்துக்கிழமையாவது ஓ.டி.க்கு ஒத்துக்காதீங்க.

பிரின்சி

பி.கு: வெப்சைட் பத்தி ஒண்ணும் தெரியாதேன்னு சாக்கு சொல்லாதீங்க. தெரியாதவங்கதான் வேணுமாம்.

இன்னொண்ணு: வெப்சைட்டை விட்டுட்டு வேற எதைப் பத்திச் சொன்னாலும் கேட்டுக்கினு இருப்பேன்.