இறக்கியது யார்

என்னங்க,

வேலைக்காக இங்கே வந்து ஆறு வாரமாகிறது. இன்றுதான் எழுத முடிந்தது. நம் நாட்டு பைலட் லைசென்ஸ் இங்கேயும் செல்லும். ஆனால் இங்குள்ள பறக்கும் கிளப்பின் சின்ன விமானத்தைத் தனியாக எடுக்குமுன், அவர்களுடைய பயிற்சியாளரோடு ஒருமுறை பறந்து காட்ட வேண்டும். காலையில் பறந்தேன்.

மேலே எல்லாம் நன்றாகத்தான் போனது. ஓடுபாதை நெருங்கியதும் என் கை தானாக மடிக்கு வந்துவிட்டது. பதினோரு வருடப் பழக்கம். அந்த இடத்தில்தான் நீங்கள், "விடு, நான் பாத்துக்கறேன்" என்பீர்கள்.

பயிற்சியாளர் அம்மாள் சட்டென்று விமானத்தை மேலே தூக்கினார்.

"ஏம்மா, கையை எடுத்துட்டா யாரு இறக்குறது? உங்க மாமியாரா?"

கீழே வந்ததும் என் பதிவேட்டைப் புரட்டினார். "நூத்தி நாப்பது தடவை இறக்கினதா எழுதியிருக்கே?"

முக்கால்வாசி என் கணவர் இறக்கியது, பெருந்தன்மையாக என் பெயரில் எழுதினார் என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மாள் திட்டவில்லை. "சரி, முதல்லேருந்து ஆரம்பிப்போம்" என்றார். தனியாகப் பறக்க இரண்டு மாதமாவது ஆகும்.

உதவிக்கு அடுத்த வாரம் வருவதாக எழுதியிருந்தீர்கள். இப்போது வேண்டாம். நானே இறக்கிவிட்டு எழுதுகிறேன், அப்போது வாருங்கள். பின் இருக்கை காலியாக இருக்கும்.

கோபமில்லை, களைப்புதான்.

உங்கள் மனைவி