ரிலீவர் வராத நாற்பது நிமிடம்

இன்று காலை சித்தூர் டாக்டர் என் முழங்காலை அழுத்திப் பார்த்துவிட்டு, "ரெண்டு நாள்ல ரிலீஃப் தெரியும்" என்றார். மருந்துச் சீட்டைச் சட்டைப்பையில் வைக்கும்போது உமது நினைப்பு வந்தது. நினைக்கவேண்டாம் என்றுதான் இருந்தேன்.

அந்தச் சொல்லை எத்தனை விதமாகக் கேட்டாயிற்று. பூகோள வாத்தியாருக்கு அது படத்தில் புடைத்து நிற்கும் மலை. வெள்ளக் காலத்தில் வில்லேஜ் ஆபீஸில் அது அரிசியும் கம்பளியும். மாற்றலாகும் குமாஸ்தாவுக்கு மேலதிகாரியின் விடுவிப்புக் கையெழுத்து. மின்நிலையத்தில் நமக்கோ அது ஓர் ஆள். அடுத்த ஷிப்டுக்கு வருகிற ரிலீவர். அவர் வந்து பதிவேட்டில் கையெழுத்திடும்வரை சுவிட்சுப் பலகையை விட்டு நகரக்கூடாது. என் ரிலீவர் நீர்.

எழுபத்திரண்டு ஆடி மழையில், காலை ஷிப்டில் இருந்தபோது என் ஊர் எருத்தேன்பதியிலிருந்து தந்தி வந்தது. அப்பாவுக்கு ஆபத்து. உடனே உமக்குச் சொல்லியனுப்பினேன். ஷிப்ட் முடிவது இரண்டு மணி. ஊர்ப் பக்கம், உடுமலைப்பேட்டை போகும் கடைசி பஸ் மேலே சித்திரபுரம் ரோட்டுக்கு வருவது இரண்டு இருபது. மின்நிலையத்திலிருந்து ரோட்டுக்கு இருபது நிமிட ஏற்றம்.

ஐந்து நிமிடம் முன்னமே வந்து, "ஏனுங்க, எந்திரிக்கறீங்களா" என்று என் கொங்குப் பேச்சைப் பழித்துக் காட்டுகிறவர் நீர். அன்று இரண்டு நாற்பதுக்குச் சொட்டச் சொட்ட நனைந்து வந்தீர். "போம் வே, ஓடும்." அவ்வளவுதான் சொன்னீர். நான் ஏறிப் போனபோது ரோடு வெறிச்சோடிக் கிடந்தது.

மறுநாள் ஊர் சேர்ந்தபோது கொள்ளி வைத்துவிட்டுத் தம்பி திரும்பியிருந்தான். "விடியற வரைக்கும் உன்னையத்தான் கேட்டுட்டே இருந்தாரு, சாமி" என்றாள் அம்மா.

அதற்குப் பிறகு, எனக்கு மாற்றல் வரும்வரை மூன்று வருடம், ஒரே பதிவேட்டில் அடுத்தடுத்துக் கையெழுத்திட்டோம். நான் பேசவில்லை. நீர் இரண்டு முறை வாயெடுத்தீர், முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

போன மாதம் நீர் போய்ச் சேர்ந்த பிறகு உம் வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்ததும் ஊர் வாய்க்குப் பயந்துதான். உம் மனைவி காப்பியை வைத்துவிட்டுச் சொன்னார்: "அண்ணாச்சி, நீங்க மேல ஏறுததுக்குள்ள பஸ்ஸு போயிரும்னு அன்னைக்கு இவுக ரோட்டுல மறிச்சு நின்னாக. டிரைவரு கொஞ்ச நேரம் பாத்துட்டு ஏசிட்டுப் போயிட்டான். அத உங்கட்ட சொல்லச் சொன்னேன். ‘என்னத்தச் சொல்லச் சொல்லுத? நான் போனாத்தான அவரு எந்திரிக்க முடியும். பஸ்ஸு போனப்புறந்தான எனக்கே ஒறைச்சுது’ன்னாக."

காப்பி ஆறிப்போனது. எனக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா, தெரியவில்லை.

நீர் நேரத்துக்கு வந்திருந்தால் பஸ்ஸைப் பிடித்திருப்பேன் என்ற நம்பிக்கையில்தான் ஏழு வருடம் உம்மை வெறுத்தேன். அந்த மழையில், அந்த ஏற்றத்தில், பிடித்திருப்பேனா? உம்மைத் திட்டவும் முடியவில்லை. மன்னிக்கவும் மனம் வரவில்லை. அப்பா விடியும்வரை கேட்டது கேட்டதுதானே.

அன்று கிளம்பும் அவசரத்திலும் பதிவேட்டில் ‘ரிலீவர் வந்தது 2.40, தாமதம்’ என்று பேனா முனை காகிதத்தைக் கிழிக்க எழுதினேன். நீர் அதைப் படித்தீர். காரணம் எழுதும் கட்டத்தை வெறுமையாக விட்டு, கீழே கையெழுத்திட்டீர்.

பதிவேடு அங்கேயே கிடக்கிறது; அந்த வெற்றுக் கட்டம் மட்டும் இப்போது என்னிடம் இருக்கிறது. அதில் என்ன எழுதுவது என்று எனக்கும் தெரியவில்லை.