சகாயமேரி டீச்சர் வீட்டுப் பிரெஞ்சு வாளிகள்

அவனியாபுரம்,
7-3-1983

அன்புள்ள மாப்ள முத்துக்கருப்பனுக்கு,

பிரெஞ்சுக்காரன் ஒயின் பாட்டிலைக் குளிரவைக்கிற வெள்ளி முலாம் வாளி, ஒன்றல்ல ஒரு ஜோடி, நம் மதுரையிலேயே இருக்கிறது, இந்தக் கையால் தொட்டுவிட்டேன்! உன் தனிஸ்லாஸ்தான் எழுதுகிறேன். இங்கு எல்லோரும் சுகம். உன் அம்மாவுக்கு இருமல் தேவலை.

பாண்டிச்சேரிப் பழம்பொருள் கடையில் சேர்ந்ததிலிருந்து நீ இந்த மாதிரி வாளிகளைப் பற்றித்தான் எழுதுகிறாய். படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். நீ அதைத் துடைக்கிறாய், நான் லாரி பம்பருக்கு முலாம் போடுகிறேன். பழைய புத்தகக் கடையில் பொறுக்கிய படங்களைப் பார்த்தே அதைப் பற்றி இம்புட்டும் கற்றுக்கொண்டவன் நான். அதிர்ஷ்டம் மட்டும் உனக்கு.

நம் இரண்டு பேருக்கும் பாடம் எடுத்த கே.கே. நகர் சகாயமேரி டீச்சர் முலாம் வேலை என்று கூப்பிட்டனுப்பினார். போனால் இது! அவர் மாமனாருக்குக் காரைக்காலில் ஒரு துரை கொடுத்ததாம். இத்தனை வருஷமும் அதில் குரோட்டன்ஸ் வளர்த்திருக்கிறார்கள். கைப்பிடி இரண்டும் திராட்சைக்கொடி. இலையின் நரம்புகூட நகத்தில் தட்டுப்படுகிறது. உள்ளே தனிக் குவளை. பாட்டில் அதற்குள், ஐஸ் வெளியே சுற்றிலும், பாட்டில் நனையவே நனையாது. விளிம்பில் முலாமுக்கு அடியிலுள்ள செம்பு தெரியாதிருக்க வெள்ளிக் கம்பி சுற்றிப் பற்றவைத்திருக்கிறான். இணைப்பைத் தேடித் தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை.

ஆனால் ஈஸ்டர் வருகிறதென்று, பக்கத்து வீட்டில் திருநீறு வாங்கி, கொலுசு தேய்க்கிற மாதிரி போட்டுத் தேய்த்துவிட்டார்கள். திராட்சை மேலெல்லாம் செம்பு பல்லிளிக்கிறது. “தொரை எங்க மாமாவ நல்லா ஏமாத்திட்டாண்டா” என்று டீச்சருக்கு ஒரே ஆத்திரம். இனி முலாமும் வேண்டாமாம். சனிக்கிழமை காளவாசல் பாத்திரக் கடை விருமாண்டி வந்து செம்பு விலைக்கு எடுத்துப் போகிறார். உருக்கிவிடுவார் மாப்ள!

“செம்பு மேலதான் டீச்சர் வெள்ளி ஏத்துவாக, வேலையே அதான்” என்று எம்புட்டோ சொன்னேன். “நீ பாண்டிச்சேரியக் கண்ணால பாத்திருக்கியா? முத்துக்கருப்பன் சொல்லட்டும், நம்புறேன்” என்கிறார்.

இங்கேயும் நீதானா? எனக்கு எப்படி இருந்திருக்கும்! இருந்தாலும் அந்த வாளி உருகுவதைவிட என் வயிறு எரிவது பரவாயில்லை.

கடிதம் கண்டதும் டீச்சருக்குத் தந்தி அடி. விற்க வேண்டாம், இனித் தேய்க்கவும் வேண்டாம் என்று சொல். கண்டுபிடித்தது தனிஸ்லாஸ் என்றும் சேர்த்துக்கொள். மாதா உன்னைக் காப்பாள். நேரில் மட்டும் கிளம்பி வந்துவிடாதே. வந்தால் டீச்சர் இரண்டையும் தூக்கி உன் கையில் கொடுத்துவிடுவார்.

தந்தி அடித்துவிட்டு எனக்கும் ஒரு வரி போடு.

உன்,
தனிஸ்லாஸ்